மரத்துக்குக் கண்ணாடித் தோல்

மார்கழியில் கல்வராயன் மலையில் மூடுபனி இறங்கினால் வெள்ளிமலைச் சாலையில் எதிரே வரும் வண்டி தெரியாது. அந்தக் குளிரிலும் அங்கே வெண்பனி விழுவதில்லை. மலைக்குக் கிழக்கே சமவெளியில், கருணாபுரம் அடங்கிய கள்ளக்குறிச்சி நகரில், கோடை வெயில் 40 டிகிரியை எட்டிப்பிடிக்கும். பனியில் சறுக்கும் ஸ்கீயையும் ஸ்னோபோர்டையும் வீட்டிலேயே செய்வது பற்றிய இந்த அத்தியாயத்தை இந்த ஊரிலிருந்து தொடங்கக் காரணம், இங்குள்ள மரப்பட்டறைகள்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் உளி பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மரவேலை தெரிந்தவர் ஒரு கட்டையை எடுத்ததும் முதலில் பார்ப்பது அதன் அறுத்த முனையை. வளையங்கள் எப்படி ஓடுகின்றன, வைரம் எங்கே முடிகிறது, நடுவில் வெடிப்பு உண்டா என்பதை அந்த முனையே சொல்லிவிடும். அடுத்துப் பார்ப்பது கணு. அதற்கும் அடுத்து நார் ஓட்டம். நாரை எதிர்த்து உளி வைத்தால் மரம் பிய்த்துக்கொண்டு வரும். ஸ்கீ செய்ய உட்காருகிறவருக்கு முதல் தேவையும் இந்தக் கண்தான். மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

ஸ்கீ என்பது ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் நீளப் பலகை. ஸ்னோபோர்டு, இரண்டு காலையும் குறுக்காக வைத்து நிற்கும் ஒற்றை அகலப் பலகை. வெளியே பளபளவென்று வண்ணப்படம் ஒட்டியிருக்கும். குறுக்கே அறுத்தால் உள்ளே இருப்பது மரம். நடுவில் ஒரு விரல் பருமன், முனையில் இரண்டு மில்லிமீட்டர். அதன் மேலும் கீழும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணாடி இழைத் தோல். அடியில் வழுக்கும் பாலிஎத்திலீன் தகடு, தகட்டின் இரு ஓரத்திலும் மெல்லிய எஃகுக் கம்பி. மலைச்சரிவில் ஓர் ஆளைச் சுமந்துகொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் வளைந்து, முறுகி, மறுபடி நிமிர்ந்து, பல பருவங்கள் உடையாமல் உழைப்பது இவ்வளவுதான்.

இது எப்படி முடிகிறது என்பதைப் பட்டறைத் தரையில் கிடக்கும் இரண்டு ரீப்பர்களை வைத்தே பார்த்துவிடலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு முனையில், இரண்டையும் சேர்த்துப் பென்சிலால் நேர்க்கோடு போடுங்கள். இரு பக்கமும் செங்கல்மேல் தாங்கவிட்டு நடுவில் கையால் அழுத்துங்கள். கோட்டைப் பாருங்கள்: மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டுமாக விலகியிருக்கும். மேல் ரீப்பரின் அடிப்பக்கம் இழுபடுகிறது, கீழ் ரீப்பரின் மேல்பக்கம் நசுங்குகிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போக முயல்வதால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. இப்போது இரண்டையும் நல்ல பசையால் ஒட்டி, காயவைத்து, அதேபோல் அழுத்துங்கள். கோடு விலகாது. அழுத்தும் கைக்கும் வித்தியாசம் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். ஒட்டாத இரண்டு ரீப்பர்கள், ஒன்றைப்போல் இரண்டு மடங்குதான் விறைப்பாக இருக்கும். ஒட்டியபின் அவை இரட்டைத் தடிமன் கொண்ட ஒரே பலகை. விறைப்பு எட்டு மடங்கு. புதிதாக மரம் எதையும் சேர்க்கவில்லை. வழுக்கலை நிறுத்தியதற்கே நான்கு மடங்கு லாபம்.

வளையும் பலகையில் மேற்பரப்பு நசுங்கும், அடிப்பரப்பு இழுபடும், நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆகவே வலிமையான, விலையுயர்ந்த பொருளை மேலும் கீழும் மட்டும் வைத்தால் போதும். நடுவில் லேசான மரம். அந்த மரத்துக்கு இரண்டே வேலைகள்: இரண்டு தோல்களையும் விலக்கிப் பிடிப்பது, வழுக்கவிடாமல் கட்டிப்போடுவது. மரம் நாரின் போக்கில் தரும் விறைப்பைவிட, இழை நீளவாட்டில் ஓடும் கண்ணாடித் தோல் விறைப்பானது. அந்தத் தோலை நடுக்கோட்டிலிருந்து இரு மடங்கு தள்ளி வைத்தால் அதன் பங்கு நான்கு மடங்காகும். ஸ்கீயின் நடுப்பகுதி தடித்தும் முனைகள் மெலிந்தும் இருப்பது இதனால்தான். ஒரே மரத்தாலான 10 மி.மீ. பலகையை 11 மி.மீ. ஆக்கினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இழைப்புளி ஒரு தடவை கூடுதலாகப் போவதும் போகாததும் இந்த வேலையில் அவ்வளவு முக்கியம்.

மனிதர்கள் பனியில் பலகை கட்டிச் சறுக்கத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஸ்வீடனில் கால்வ்த்ரெஸ்க் என்ற இடத்துச் சதுப்பில் கிடைத்த ஸ்கீக்கு வயது 5,000 ஆண்டுக்கு மேல். நெடுங்காலம் எல்லாமே ஒரே மரத்தில் செதுக்கியவை. முனையை வெந்நீரில் ஊறவைத்தோ ஆவி காட்டியோ வளைத்துக்கொள்வார்கள். நோர்வேயில் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோந்த்ரே நூர்ஹைம் 19-ஆம் நூற்றாண்டில் இடுப்புக் குறுகிய ஸ்கீயைச் செய்து, திருப்பும் கலையையே மாற்றினார். 1930-களில் மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டும் முறை அங்கே பரவியது. ஒட்டுப்பசை நம்பகமானதும் ஒற்றை மரத்தின் காலம் முடிந்துவிட்டது.

அடுத்த பாய்ச்சலைச் செய்தவர் ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்கர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். விமானத்தின் உடலில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே லேசான பொருளை வைத்து ஒட்டுவதைப் பார்த்து, ஸ்கீயையும் அப்படிச் செய்யலாமே என்று இறங்கினார். அவர் செய்த முதல் ஆறு ஜோடிகளும் சோதனையில் உடைந்தன. ஒட்டும்போது அழுத்தமும் சூடும் வேண்டும். பெரிய அச்சு வாங்கக் காசில்லை. ஸ்கீயை ரப்பர் பைக்குள் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, சூடான எஞ்சின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினார். வெளிக்காற்றின் எடையே அழுத்தமானது, எண்ணெய் சூட்டைக் கொடுத்தது. மேலும் கீழும் அலுமினியம், நடுவில் பிளைவுட் என்று அவர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்கீ உலகத்தையே பிடித்துக்கொண்டது. 1960-களில் அலுமினியம் இருந்த இடத்துக்குக் கண்ணாடி இழை வந்தது. ஸ்னோபோர்டின் பிறப்பும் வீட்டில்தான்: 1965-இல் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் தன் மகள்களுக்காக இரண்டு ஸ்கீகளை ஒன்றாகப் பிணைத்தார். 1977-இல் வெர்மான்டில் ஜேக் பர்ட்டன் பலகைகளைத் தானே செய்து விற்கத் தொடங்கினார்.

இந்தக் கதையில் தமிழர்களுக்கு ஓர் இடம் உண்டு. அது பனியில் இல்லாமல் கடலில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956-இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். அந்நாட்டில் குடியேறிய முதல் தமிழர் என்று நோர்வேத் தமிழர்கள் அவரைச் சொல்வார்கள். அங்கே மீன்பிடித் தொழிலை அறிந்துகொண்டு, நோர்வே மக்களிடம் நிதி திரட்டி, 1960-களின் பிற்பகுதியில் ‘சீநோர்’ நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகரில் அதன் படகுத்தளத்தில் கண்ணாடி இழைப் படகுகள் கட்டினார்கள். நூர்ஹைமின் நாட்டிலிருந்து, ஸ்கீக்குத் தோல் போர்த்தும் அதே தொழில்நுட்பம், பாக்குநீரிணைக் கரைக்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையிலும் அதேபோல்தான். மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய், திரும்பியதும் அவிழ்த்துக் காயவைத்த கட்டுமரக்காரர்கள் மெல்ல மெல்ல ஃபைபர் படகுக்கு மாறினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அந்த மாற்றம் வேகமெடுத்தது. இன்று நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ ஒரு படகுப்பட்டறைக்குள் போனால் கண்ணாடி இழை மேட் விரிப்பது, ரெசின் என்ற இறுகும் பசையைப் பூசுவது, பள்ளம் வைத்த உருளையால் தேய்த்துக் காற்றுக்குமிழியை வெளியேற்றுவது எல்லாம் கண்முன்னே நடக்கும். கள்ளக்குறிச்சி மரத்தச்சரையும் கடலூர் ஃபைபர்க்காரரையும் ஒரே பட்டறையில் உட்காரவைத்தால் ஸ்கீக்கு வேண்டிய கைத்திறனில் பெரும்பகுதி அங்கே இருக்கும். இந்த அத்தியாயம் எழுதக் காரணமான எண்ணமே இதுதான்.

மரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்கீயின் நடுமரமாக உலகம் முழுக்கப் பெயர் பெற்றவை பாப்லர், ஆஷ், மேப்பிள். பாப்லர் லேசு, ஆஷும் மேப்பிளும் கனம், ஆனால் உறுதி. லேசான மரத்தைப் பெரும்பகுதியாகவும், காலணிப் பூட்டின் திருகாணி இறங்கும் இடத்தில் உறுதியான மரத்தையும் வைப்பது வழக்கம். இந்தியாவில் பனிச்சறுக்கின் தலைநகர் என்று சொல்லத்தக்க குல்மார்க், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போன ஆரிஃப் கான் அந்தப் பகுதிக்காரர். அதே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் பாப்லர் மரம் வரிசை வரிசையாக நிற்கிறது. ஆப்பிள் பெட்டி செய்யப் போகிறது. ஸ்கீயோ வெளிநாட்டிலிருந்து வருகிறது. இந்த முரண் என்னை உறுத்துகிறது.

நம் பக்கத்தில் பாப்லருக்கு ஈடாக நான் முதலில் சோதிக்கச் சொல்வது மலைவேம்பு. தமிழ்நாட்டில் பிளைவுட்டுக்காகவே விவசாயிகள் வளர்க்கும் மரம். வேகமாக வளரும், நேராகப் போகும், எடை குறைவு. குமிழ மரமும் ஏற்றது. காய்ந்தபின் அதிகம் கோணாது. தேக்கு வேண்டாம். கனம் ஒரு காரணம். இன்னொன்று, தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப்பசை ஒட்டைக் கெடுக்கும். சிற்பத்துக்கும் கதவுக்கும் எது வரமோ அது இங்கே இடைஞ்சல்.

மூங்கிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கீ செய்கிறவர்கள் பலர் அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். மூங்கிலின் வலிமை சுவர் முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. வெளிப்பக்கம் நார் நெருக்கமாகவும் உள்பக்கம் தளர்வாகவும் இருக்கும். ஆகவே பிளந்த பட்டையில் வெளிப்பகுதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பச்சைத் தோலில் மெழுகும் சிலிக்காவும் இருப்பதால் பசை பிடிக்காது. தோலை மட்டும் மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். உள்ளே மாவுச்சத்து இருப்பதால் பொடிவண்டு தேடி வரும். போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால் தப்பிக்கும். இவ்வளவும் செய்தபின் பட்டைகளை நிறுத்திவைத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் கிடைக்கும் பலகை, வளைத்து விட்டதும் துள்ளி நிமிரும்.

எந்த மரமானாலும் அகலமான ஒரே பலகையாக எடுக்கக் கூடாது. இரண்டு செ.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து, ஒன்றின் வளையம் மேல்நோக்கி வளைந்தால் அடுத்ததன் வளையம் கீழ்நோக்கி வரும்படி திருப்பிப்போட்டு ஒட்ட வேண்டும். ஒன்று கோண நினைத்தால் பக்கத்திலிருப்பது தடுக்கும். ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டாலும் வழியுண்டு: ஒரு சிறு துண்டை எடைபோட்டு, அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே எடை குறைவது நிற்கும்வரை காயவைத்து, மறுபடி எடைபோடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரத்தின் அளவு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மரம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பட்டறை வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வடிவத்துக்கு வருவோம். ஸ்கீயை மேலிருந்து பார்த்தால் முனைகள் அகன்று இடுப்பு ஒடுங்கியிருக்கும். சாய்த்து ஓரத்தில் நின்றால் இந்த ஒடுக்கமே பலகையை வட்டப்பாதையில் திருப்பும். பனியைத் தொடும் நீளத்தை வர்க்கமாக்கி, ஒடுக்கத்தின் ஆழத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் அந்த வட்டத்தின் ஆரம் கிடைக்கும். தொடும் நீளம் 1.5 மீட்டர், ஒடுக்கம் 18 மி.மீ. என்றால் ஆரம் சுமார் 15.6 மீட்டர். ஒடுக்கத்தை 12 மி.மீ. ஆக்கினால் 23 மீட்டரைத் தாண்டிவிடும். ஆறு மில்லிமீட்டரில் சுறுசுறுப்பான பலகை, நேராகப் பாயும் பலகையாக மாறிவிடுகிறது. இந்த வளைவை வரையக் கணினி வேண்டியதில்லை. பிளைவுட்டில் மூன்று ஆணி அடித்து, கணு இல்லாத மெல்லிய ரீப்பரை வளைத்துப் பென்சில் ஓட்டினால் போதும். படகு கட்டுகிறவர்களும் இப்படித்தான் வளைவு எடுப்பார்கள். பக்கவாட்டில் பார்த்தால் இன்னொரு வளைவு: பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். ஆள் ஏறியதும் தட்டையாகி, எடையை முனைகளுக்கும் பகிர்ந்துவிடும்.

கண்ணாடி இழைக்குத் திசைதான் எல்லாம். படகுப்பட்டறையில் பயன்படும் மேட் என்பது துண்டு துண்டான இழைகள் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடப்பது. படகுக்கு அது போதும். ஸ்கீக்கு வேண்டியது தைத்த துணி: ஒரு பங்கு இழை நீளவாட்டில், மற்றவை சாய்வாக இரு பக்கமும் 45 டிகிரியில். நீள இழை வளைவைத் தாங்கும். சாய்வு இழை முறுக்கைத் தாங்கும். முறுக்கைத் தாங்காத பலகை, கெட்டிப் பனியில் ஓரத்தை ஊன்றும்போது முனையில் பிடியை விட்டுவிடும். சதுர மீட்டருக்கு 750 கிராம் எடையுள்ள துணி மேலே ஒன்று, கீழே ஒன்று போட்டால் ஒரு ஸ்கீக்குச் சுமார் 320 கிராம் கண்ணாடி ஆகும். கையால் பூசும்போது ரெசினும் ஏறக்குறைய அதே எடை. மரம் குடிப்பதற்குக் கொஞ்சம் கூடுதல்.

எந்த ரெசின் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: எப்பாக்ஸி. படகுக்காரர்கள் பாலியெஸ்டர் ரெசினைத்தான் வைத்திருப்பார்கள். விலை குறைவு, சீக்கிரம் இறுகும். ஆனால் இறுகும்போது நன்றாகச் சுருங்கும். மரத்தோடு அதன் பிடி சுமார். அடிக்கடி வளையும் பொருளில் சீக்கிரம் விரிசல் விடும். முதல் ரீப்பர் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டு விட்டால் எட்டு மடங்கு இரண்டாக இறங்கிவிடும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

எப்பாக்ஸியில் ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. படகு ரெசினில் சேர்க்கும் கேட்டலிஸ்டைப்போல் ‘கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஹார்ட்னர் கூடினால் இணை கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சும். பலகை கடைசிவரை கொழகொழவென்றிருக்கும். டப்பாவில் போட்ட விகிதத்தைத் தராசில் எடைபோட்டுத்தான் கலக்க வேண்டும். கலந்ததும் தானாகச் சூடேறும். பொதுவான விதி: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் பாதியாகும். 25 டிகிரியில் 40 நிமிடம் தரும் கலவை, கள்ளக்குறிச்சியின் 35 டிகிரிப் பகலில் 20 நிமிடம்தான் தரும். ஆழமான குவளையில் வைத்தால் இன்னும் குறையும். சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்துகூடப் போகும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கியதும் அழுத்த வேண்டும். சி-கிளாம்ப் போட்டு இறுக்கினால், பிடித்த இடத்தில் அதிகமாகவும் இடைவெளியில் குறைவாகவும் அழுத்தம் விழும். சமமாக அழுத்தக் காற்றை விட்டால் வழியில்லை. இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று ஹெட் செய்ததுபோல் உறை போட்டுக் காற்றை உறிஞ்சுவது. 1.8 மீட்டர் நீளமும் 12 செ.மீ. அகலமும் உள்ள பலகைமேல் முழு வளிமண்டலமும் உட்கார்ந்தால் சுமார் 2.2 டன். உயரம் கூடக்கூட இது குறையும். குல்மார்க்கில் காற்றழுத்தம் குறைவென்பதால் அதே உறை 1.6 டன்தான் தரும். இந்த ஒரு வேலைக்குச் சமவெளி மலையைவிட உகந்தது.

இன்னொன்று, தீயணைப்புக் குழாயைத் தட்டையாக அச்சின்மேல் விரித்து, மேலும் கீழும் கனமான இரும்பு உத்திரம் பூட்டி, குழாய்க்குள் காற்றடிப்பது. பஞ்சர் கடை கம்ப்ரஸரே போதும். மூன்று வளிமண்டல அழுத்தம் ஏற்றினால் அதே பலகைமேல் ஆறரை டன்னுக்கு மேல் விழும். அந்த ஆறரை டன்னும் சட்டத்தையும் பிளக்கப் பார்க்கும். வெல்டிங் கணக்குத் தெரியாதவர் இந்த அச்சைச் செய்யக் கூடாது. வீட்டில் முதன்முறை செய்கிறவருக்கு உறிஞ்சும் உறையே சரி. அழுத்தம் குறைவானாலும் வெடித்துச் சிதற அதில் ஒன்றும் இல்லை.

அடித்தகடு மிகப் பெரிய மூலக்கூறுகளாலான பாலிஎத்திலீன். அதன் மேன்மையும் தொல்லையும் ஒன்றே: எதுவும் அதில் ஒட்டாது. சறுக்கும்போது உராய்வுச் சூட்டில் பனி மெல்லிசாக உருகி ஒரு நீர்ப்படலம் உண்டாகிறது என்று 1939-இலேயே பவுடனும் ஹியூஸும் காட்டினார்கள். நீரை ஒட்டவிடாத தகடு அந்தப் படலத்தில் வழுக்கிப் போகும். எப்பாக்ஸிக்கும் அது அப்படியே நழுவும். ஆகவே மேல்பக்கத்தைச் சுடரால் பதப்படுத்திய தகடாகப் பார்த்து வாங்கி, ஒட்டும் முன் உப்புத்தாளால் தேய்த்து, விரல் படாமல் வைத்திருக்க வேண்டும். எஃகு ஓரத்தைத் தகட்டின் விளிம்போடு கையால் வளைத்து, உடனடிப் பசையால் அங்கங்கே பிடித்து, அதன்மேல் மெல்லிய ரப்பர் நாடா வைப்பார்கள். அந்த நாடா எதற்கு? 80 டிகிரியில் இறுகிய பலகை, மைனஸ் 10 டிகிரிப் பனிக்குப் போகிறது என்று வையுங்கள். 1.7 மீட்டர் எஃகு இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். பாலிஎத்திலீன் தனியாக இருந்தால் இரண்டு செ.மீ.க்கு மேல் சுருங்கும். கண்ணாடித் தோலும் மரமும் எஃகைவிடவும் குறைவாகவே நகரும். எல்லாம் ஒட்டிக்கிடப்பதால் ஒன்றையொன்று இழுக்கும். பலகை கோணும், ஓரம் பிரியும். ரப்பர் நாடா நடுவில் நின்று அந்த இழுப்பை வாங்கிக்கொள்கிறது. வீட்டில் செய்கிறவர் அதிகச் சூடு கொடுக்காமல், அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க இறுகவிடுவது இதனால் நல்லது.

கருணாபுரத்தின் பெயரைத் தலைப்பகுதியில் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. 2024 ஜூன் மாதம் அங்கே மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் ஒரு தொழிற்சாலைக் கரைப்பான். சில வகைத் தின்னர்களிலும் இருக்கும். உடலுக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வையைத் தாக்கும், பிறகு உயிரை. பார்வைக்குத் தண்ணீர்போல் இருக்கும் இந்தத் திரவங்களை ஒருநாளும் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெயர் எழுதாத டப்பா பட்டறையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரெசின் பட்ட கையைத் தின்னரால் கழுவவும் கூடாது. அது ரெசினைத் தோலுக்குள் கொண்டுபோகும். நைட்ரைல் கையுறை போட்டால் கழுவும் தேவையே குறையும். எப்பாக்ஸி ஹார்ட்னர் ஒருமுறை ஒவ்வாமையைக் கிளப்பிவிட்டால் அது வாழ்நாள் முழுக்க விடாது. படகுப்பட்டறைக்குப் போய் வேலை பழகுகிறவர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: பாலியெஸ்டரில் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கும். தனித்தனியாகத்தான் ரெசினில் கலக்க வேண்டும். கண்ணாடி இழையைத் தேய்க்கும்போது முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் உட்காராதீர்கள்.

முழு ஸ்கீக்கு மரம் அறுக்கும் முன், 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு துண்டைச் செய்யுங்கள். அதே மரம், அதே துணி, அதே ரெசின், அதே உறை. ஒரு வாரம் விட்டு, இரண்டு செங்கல்மேல் வைத்து, நடுவில் எடையை ஏற்றிக்கொண்டே போய் உடைத்துவிடுங்கள். உடைந்த பரப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பிரிந்து வந்த கண்ணாடித் தோலின் உள்பக்கத்தில் மரநார் பிய்ந்து ஒட்டியிருந்தால் உங்கள் ஒட்டு, மரத்தைவிட வலுவானது. முழுப் பலகைக்குப் போகலாம். உள்பக்கம் வழுவழுப்பாக, நார் ஒன்றுகூட இல்லாமல் வந்திருந்தால் மரத்தின் ஈரம், உப்புத்தாள் தேய்ப்பு, தராசுக் கணக்கு ஆகிய மூன்றையும் சரிபார்த்து, அடுத்த துண்டைச் செய்யுங்கள்.